ஊஞ்சல் கணக்கு

ஜூன் 2, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது! காந்திபுரம் நூறடி ரோட்டில் மூன்றாவது மாடி, ஷேர் புரோக்கர் ஆபீஸ், நாள் முழுக்க ஏசி. எட்டு வருஷமாக ஜவுளிக்கடை மைக்கில் "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த சுகந்தி இனிமேல் டீலிங் ரூம் எக்ஸிகியூடிவ். மேனேஜர் தண்டபாணி சார் இன்டர்வியூவில் ஷேர் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. செய்தித்தாளை நீட்டி, "இதைய ஒரே மூச்சுல படி அம்மிணி" என்றார். படித்து முடித்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"கொரலும் நல்லாருக்குது, வேகமும் இருக்குது. மூணு மாசம் பாக்கலாம். அப்பறம் நிரந்தரம்" என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து எஸ்தர் அக்காவிடம் சொன்னேன். ரத்தினபுரியில் இந்த வீட்டை நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டு வாடகைக்கு எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை டெக்னீஷியன். யார் ரத்தத்தைப் பார்த்தாலும் பதறமாட்டாள், என் கூச்சலைக் கேட்டால்தான் பதறுவாள்.

"ஷேரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

"ஒண்ணுமே தெரியாதுங்க்கா!"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜூன் 4, புதன்

காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கிறது. திறந்ததும் ரூமுக்குள் அடிதடி நடக்கிறது என்றே நினைத்தேன்.

"நூலு ஐநூறு தூக்கு!" "மூட்டைய அடி, அடி, அடி!" "வெட்டியாச்சுங்!"

பையில் வைத்திருந்த மோர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமாக நகர்ந்தேன். பக்கத்து நாற்காலி லோகு அண்ணன்தான் காப்பாற்றினார். முப்பத்தைந்து வயசு இருக்கும், பத்து வருஷமாக டீலர். "பயப்படாத சுகந்தி. தூக்குன்னா வாங்கு. அடின்னா வில்லு. வெட்டுன்னா கணக்க முடி. இங்க யாரும் கம்பெனி பேர முழுசாச் சொல்றதில்ல. நூலுன்னா ஸ்பின்னிங் மில்லு, மூட்டைன்னா சிமெண்டு" என்றார்.

"ஷார்ட்டுன்னு சொன்னீங்களே, அது?"

"கையில இல்லாதத மொதல்ல விக்கிறது. அப்பறம் வெல எறங்குனதும் வாங்கிக் குடுக்கறது."

கையில் இல்லாததை விற்கலாமாம்! ஜவுளிக்கடையில் ஒருத்தன் இப்படிச் செய்து போலீஸ் வரை போனான். இங்கே அதற்கு ஒரு பேர் வைத்து, நாற்காலி போட்டு, ஏசியும் போட்டிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு புது பாஷை! பதினைந்து வார்த்தை கற்றுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 11, புதன்

வார்த்தைகள் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு ஷேரின் விலை ஒரே நாளில் ஏறக்கூடிய எல்லை வரை ஏறி, விற்க ஆளே இல்லாமல் நின்றால் அப்பர் சர்க்யூட். உழவர் சந்தையில் தக்காளிக்காரரிடம், "என்னங்ணா, அப்பர் சர்க்யூட்ல நிக்கறீங்க" என்றேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "அம்மிணி, வாங்கறதுன்னா வாங்கு" என்றார்.

அம்மா தாராபுரத்திலிருந்து போன் செய்தாள். உடுமலையில் ஒரு வரன், முப்பத்தெட்டு வயசு, நல்ல குணமாம். "எத்தன நாளா சும்மா கெடக்குது அந்த ஸ்டாக்கு? வாங்க ஆள் இல்லாத ஷேர்ல நான் ஏன் போய் மாட்டணும்?" என்று கேட்டேன். அம்மா எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டு, எனக்கு ஜுரமா என்று விசாரித்திருக்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

இன்றிலிருந்து எனக்கென்று தனி வேலை. நாலு மணி போன் கால்!

அதாவது, வாடிக்கையாளர் முதலில் போனில் ஆர்டர் சொல்ல வேண்டும், பிறகுதான் வாங்கவோ விற்கவோ வேண்டும் என்பது சட்டம். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள், சந்தை நேரத்தில் போனை எடுக்கமாட்டார்கள். அதனால் எங்கள் கிளையில் ஒரு வழக்கம். பகலில் டீலர்களே பார்த்து வாங்கி விற்றுவிடுவார்கள். மூன்றரைக்குச் சந்தை மூடியதும், நாலு மணிக்கு நான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் படித்துக் காட்டி, "ஓகேதானுங்களா?" என்று கேட்க வேண்டும். அந்த ஓகே குரலில் பதிவாக வேண்டும்.

முதல் நாளே பட்டையைக் கிளப்பிவிட்டேன். "வணக்கம் சார், நூல் நூறு தூக்கி அடிச்சது, மூட்டை இருநூறு ஷார்ட் போய் வெட்டினது, மறுபடி நூல் நூறு தூக்கினது, எல்லாம் ஓகேதானுங்களா?" ஒரே மூச்சு. அந்தப் பக்கம், "ஆங்... சரிம்மா, ஓகே." அடுத்த ஆள்! தண்டபாணி சார் என் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "இந்த வேகம் கொறையவே கூடாது அம்மிணி. நிறுத்திப் படிச்சா ஆளுக கேள்வி கேப்பாங்க, நேரம் வீணாகும்" என்றார். எட்டு வருஷ மைக் அனுபவம் வீண்போகவில்லை.

ஜூன் 27, வெள்ளி

என் குரல் மனிதர்கள்! ஒருத்தரையும் பார்த்ததில்லை, ஆனால் எல்லோரையும் தெரியும். பொள்ளாச்சி மகுடபதி சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஓகே சொல்லுமுன் ஒரு தடவை இருமுவார். காரமடை சரோஜினி அம்மா, பின்னாலேயே மாடு கத்தும், "சாப்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓகே சொல்வார். கண்டக்டர் பாபு அண்ணன் விசில் சத்தத்துக்கு நடுவே, "ரைட்டு, ரைட்டு" என்பார். அதையும் ஓகே என்றே வைத்துக்கொள்ளலாம் என்று சார் சொல்லிவிட்டார்.

நிரந்தரமாக வேண்டுமானால் நான் ஒரு புதுக் கணக்காவது கொண்டுவர வேண்டுமாம். எஸ்தர் அக்கா பதினொரு வருஷமாகச் சேர்த்த காசு பேங்கில் தூங்குகிறது. வடவள்ளியில் சொந்தமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் திறப்பதற்கு. கடைக்காரர் ஆடி முடிந்துதான் சாவி கொடுப்பேன் என்றுவிட்டார். "எனக்கு ஏதுங்க ஆடி? கர்த்தர்கிட்ட ஆடி ஆவணி எல்லாம் ஒண்ணுதான்" என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

அதுவரை காசு ஏன் தூங்க வேண்டும்?

ஜூலை 3, வியாழன்

அக்கா கையெழுத்துப் போட்டாள்! தண்டபாணி சாரே எழுந்து நின்று வரவேற்றார். காபி வந்தது, முறுக்கு வந்தது. "மேடம், உங்க சுகந்தி இருக்கறப்ப உங்களுக்கென்ன கவலை?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். "இவள நம்பித்தானுங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரும் வழியில் அவளுக்கு நான்தான் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று ஒரு புது வார்த்தை! லோகு அண்ணன் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, "சார், எஸ்தர் ராணியையும் ஊஞ்சல்ல சேத்தியாச்சு" என்றார். சார் தலையாட்டினார்.

"ஊஞ்சல்னா என்னங்ணா?"

"ஓடிட்டே இருக்கற கணக்கு. சும்மா தூங்காது."

அதைத்தானே நானும் ஆசைப்பட்டேன்! என் நாலு மணி ஆட்கள் அத்தனை பேரும் ஊஞ்சல்தானாம். சாயந்தரம் அக்காவிடம் சொன்னேன். "ஊஞ்சலா? ஆஸ்பத்திரில இன்னிக்கு எம்பத்தாறு ஊசி குத்தியிருக்கேன், நானே ஆடிட்டுத்தான் வந்தேன்" என்று படுத்துவிட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

அக்காவுக்கே நாலு மணி கால் செய்வது தமாஷ். "வணக்கம், எஸ்தர் ராணி மேடம்" என்று ஆரம்பிப்பேன். அவள் சிரிப்பை அடக்குவது கேட்கும். இன்று நூலை மட்டும் நாலு தடவை தூக்கி அடித்திருந்தார்கள். நான் படித்து முடிக்குமுன்பே, "சரி சரி, ஒரு கொழந்தைக்கு நரம்பு தேடிட்டிருக்கேன், ஓகே" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 23, புதன்

மழை. துணி காயவில்லை. மூட்டை நன்றாக ஏறியது, ஆனால் அக்கா கணக்கில் அதை நேற்றே வெட்டிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கமிஷனில் நம் கிளைதான் மண்டலத்திலேயே முதலிடம்! சந்தை மூடியதும் கேக் வெட்டினோம். தண்டபாணி சார் முதல் துண்டை எனக்குக் கொடுத்து, "எல்லாம் இந்த அம்மிணி வாயி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். லோகு அண்ணன் மட்டும் கேக்கைத் தொடவில்லை. சர்க்கரை இருக்கிறதோ என்னவோ.

வீட்டுக்கு ஒரு துண்டு கொண்டுவந்தேன். அக்கா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேக்கைத் தின்றாள், ருசி கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். இந்த வாரம் வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

"ஏன் சுகந்தி, கணக்குல கொறஞ்சிருக்குது?" என்று அக்கா காலையில் கேட்டாள்.

நான் மடமடவென்று விளக்கினேன். மார்ஜின் பிளாக் ஆகியிருக்கும், எம்டுஎம் இறங்கியிருக்கும், இது ஒரு டிராடவுன், ரிக்கவரி வரும், பெரிய பெரிய ஆட்களுக்கே வரும். என் வாயில் எவ்வளவு சரளமாக வருகிறது! ஜூன் மாசத்துச் சுகந்தி கேட்டிருந்தால் வாயைப் பிளந்திருப்பாள். அக்கா இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. புரிந்துவிட்டது போல.

ஆகஸ்ட் 13, புதன்

நன்றாகவே தூங்கினேன். இரண்டு தடவைதான் எழுந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆடி முடிந்தது, வடவள்ளிக் கடை சாவி வந்துவிட்டது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ரத்த அணு எண்ணும் மெஷினுக்கு மாசக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டுமாம். நான் மறுபடி மார்ஜின், எம்டுஎம் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தமிழ்ல சொல்லு சுகந்தி. எங்க ஆஸ்பத்திரில டாக்டருங்க இப்புடித்தான் பேசுவாங்க. ரிப்போர்ட்ட வாங்கிட்டு ஜனங்க என்ற கவுண்டருக்குத்தான் வருவாங்க. நான் சொல்லுவேன், உங்கப்பாவுக்கு ரத்தம் கம்மியா இருக்குது, நாளைக்கே கூட்டிட்டு வாங்கன்னு. அப்புடிச் சொல்லு. தெனமும் என்ற காச வெச்சு என்ன பண்றீங்க?"

என்ன பிரமாதம், சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். "வந்துங்க்கா, காலையில உங்க காசுல நூலு வாங்கறாங்க. மத்தியானம் வித்துடறாங்க. மறுபடியும் அதையே வாங்கறாங்க..."

"ஏன்?"

"ஏன்னா..."

"யாரக் கேட்டு?"

"சாயந்தரம் நான் உங்களக் கேக்கறனே..."

"வித்ததுக்கப்பறமா?"

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். சமையலறையில் பாத்திரம் நிறையக் கிடந்தது, எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுத்தான் வந்தேன். அதற்குள் அக்கா தூங்கியிருந்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

டீக்கடையில் லோகு அண்ணனை மடக்கினேன்.

"அண்ணா, ஊஞ்சல்னா என்ன? அன்னிக்குச் சொன்ன மாதிரி வேண்டாம். தமிழ்ல சொல்லுங்க."

அவர் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்குனாலும் நமக்குக் கமிஷன், வித்தாலும் கமிஷன். தொரத்தித் தொரத்தி வாங்கி வித்துட்டே இருப்போம். அவங்க காசு முன்னாடி போகும், பின்னாடி வரும், எங்கயும் போய்ச் சேராது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் தேயும். அதான் ஊஞ்சலு."

"அவங்க ஓகே சொல்றாங்களே?"

"நீ படிக்கற வேகத்துல, கொலை பண்ணிட்டோம்னு சொன்னாக்கூட ஓகேன்னுதான் சொல்லுவாங்க."

கேக்கை நினைத்துக்கொண்டேன். வாயெல்லாம் கசந்தது. எனக்குக் கோபம் வந்தால் காது சுடும், இரண்டு காதும் சுட்டன. முதலில் லோகு அண்ணன் மேல், பிறகு தண்டபாணி மேல், கடைசியில் அவ்வளவும் என் மேலேயே வந்து நின்றது. அந்த ஓகே ஒவ்வொன்றையும் வாங்கியது நான்.

"யாராச்சும் ஓகே சொல்லலைன்னா?"

"அன்னிக்கு நடந்த ட்ரேடு, வாங்குனது வித்தது எல்லாம், கம்பெனி தலையில. பதிவு எல்லாம் சாயந்தரமே மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்குப் போயிரும். இங்க யாராலயும் அழிக்க முடியாது." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சுகந்தி, எனக்கு ரெண்டு பசங்க. நான் ஒண்ணும் சொல்லல."

ஆகஸ்ட் 21, வியாழன்

நாளை சாயந்தரம் நிரந்தர உத்தரவு தருவதாகத் தண்டபாணி சார் சொன்னார். சம்பளமும் ஒன்றரை மடங்கு. நான் "தேங்க்ஸ் சார்" என்றேன். நாலு மணி போன்களை வழக்கம்போல முடித்தேன், வாய் அதன் பாட்டுக்கு ஓடியது. வெட்கமாக இருந்தது.

அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு அவள் சொல்லப்போவது நான் சொல்லிக்கொடுத்த பதில் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பயமா சந்தோஷமா தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாலு மணி. முதல் எண் எஸ்தர் அக்கா.

"வணக்கம், எஸ்தர் ராணி மேடம். பதிவு ஆகற லைன்ல பேசறேனுங்க. இன்னிக்குக் காலையில உங்க காசுல ஸ்பின்னிங் மில் ஷேர் எறநூறு வாங்கியிருக்காங்க. பத்து நிமிசத்துல நஷ்டத்துல வித்துட்டாங்க. மறுபடி அதையே கூடுதல் வெலைக்கு வாங்கியிருக்காங்க. மத்தியானம் மறுபடியும் நஷ்டத்துல வித்துட்டாங்க. வாங்குனதுக்கும் வித்ததுக்கும் நாலு தடவ கமிஷன் எடுத்திருக்காங்க. இதுல எதையாச்சும் செய்யச் சொல்லி நீங்க சொன்னீங்களா?"

பக்கத்தில் லோகு அண்ணனின் விரல்கள் கீபோர்டில் நின்றுவிட்டன.

"இல்ல" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை. "நான் சொல்லல."

"இதுக்கு முன்னாடி, ஜூலைல இருந்து, எதையாச்சும் வாங்கு வில்லுன்னு காலையில யாராச்சும் உங்களக் கேட்டாங்களா?"

"ஒரு நாள்கூடக் கேக்கல."

"நன்றிங்க மேடம்."

அடுத்து மகுடபதி சார். "என்னம்மா இன்னிக்கு நிதானமா பேசறீங்க?" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். இருமவே இல்லை. "நான் சொல்லலையே! இதெல்லாம் எப்ப நடந்தது?" என்றார். அடுத்து சரோஜினி அம்மா. அடுத்து கண்டக்டர் அண்ணன், பஸ்ஸை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். அடுத்தது, அதற்கடுத்தது. இப்படி ஒரு வேகம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை, அதுவும் மெதுவாகப் பேசிக்கொண்டே!

தண்டபாணி சார் கேபினிலிருந்து வந்தபோது நான் பதினோராவது ஆளிடம் இருந்தேன்.

"என்ன அம்மிணி பண்ற?"

"ஒப்புதல் கால் சார். சட்டப்படி."

அவர் என் போனின் வயரைப் பிடுங்கினார். நான் எழுந்து லோகு அண்ணனின் போனை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. மெதுவாக நாற்காலியைப் பின்னால் தள்ளி எனக்கு இடம் விட்டார். பன்னிரண்டாவது ஆளிடமும் "இல்லை" வாங்கின பிறகுதான் சார் அதையும் பிடுங்கினார்.

வேலை போயிற்று. லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் படியிலேயே இறங்கிவிட்டேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கேக்கையும் சேர்த்து. "என்ற பதினோரு வருசம்டி" என்றாள். பிறகு அழுதாள். ஆறு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, அது சரிதான்.

ஆகஸ்ட் 23, சனி

காலையிலேயே அக்காவுக்குச் சென்னையிலிருந்து போன். ஹெட் ஆபீஸ் கண்காணிப்புப் பிரிவு, ஒரு பெண் அதிகாரி. நேற்றைய பதிவுகளைக் கேட்டுவிட்டாராம். முன்கூட்டி ஆர்டர் சொன்ன குரல் பதிவு இல்லாத ட்ரேட் எதுவுமே செல்லாது, நஷ்டமும் கமிஷனும் கம்பெனி பொறுப்பு என்றார். திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அதுவரை அந்தக் கணக்குகளில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டுமாம். மற்றவர்களுக்கும் போன் செய்து இதையே சொல்லிவிட்டாராம்.

"எப்பக் குடுக்கலாம்?" என்றாள் அக்கா. செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

சனிக்கிழமை சந்தை கிடையாது, ஆபீசும் பூட்டியிருக்கும் என்றேன். கேட்காமல் பஸ் ஏறினாள், நானும் பின்னாலேயே ஏறினேன்.

நூறடி ரோட்டுக் கட்டிடத்தின் படிக்கட்டில் ஏற்கனவே ஒரு கூட்டம். ஒரு முகமும் எனக்குத் தெரியவில்லை. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி இருமினார். திரும்பிப் பார்த்தேன். "மணி என்னாச்சு கண்ணு, கறக்கற நேரத்துக்குப் போவோணும்" என்று ஒரு அம்மா யாரிடமோ சொன்னார். காக்கிச் சட்டைக்காரர், "ரைட்டு, இருங்கம்மா" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை பேரும் என் நாலு மணி ஆட்கள்! இரண்டு மாசமாகக் காதுக்குள் இருந்தவர்கள் கண்ணெதிரே நின்றார்கள். நான் நினைத்ததைவிட வயசானவர்கள்.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் என்னைத் தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது, என் முகத்தையே பார்த்தாள்.

"வணக்கமுங்க" என்றேன்.

படிக்கட்டு முழுக்க ஒரே நேரத்தில் திரும்பியது.

மகுடபதி சார் இரண்டு படி இறங்கி வந்து என் முன்னால் நின்றார். "நேத்து எங்ககிட்ட உள்ளதச் சொன்னது நீங்கதானா?"

"ஆமாங்க சார்."

"தெனமும் ஓகேதானுங்களான்னு கேட்டதும் இதே கொரலுதானே?"

ஒன்றும் மழுப்பத் தோன்றவில்லை. "ஆமாங்க சார். ரெண்டும் நான்தான்."

அவர் என்னை முறைத்தபடியே நின்றார். சரோஜினி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் என்னை மன்னிக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பிறகு மகுடபதி சார் மஞ்சள் பையிலிருந்து நாலு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்தார்.

"புகார் எழுதோணும். எங்களுக்கு அந்த வார்த்தையெல்லாம் வெளங்காது. நீங்க சொல்லுங்க, நாங்க எழுதறோம். நிதானமாச் சொல்லோணும்."

எஸ்தர் அக்கா முதல் ஆளாகப் படியில் உட்கார்ந்து, ஒரு தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ற கணக்குல இருந்து ஆரம்பி" என்றாள்.